ரோஸ் கோல்டு 22 காரட்டில் கிடைக்குமா? நிச்சயதார்த்த மோதிரக் குழப்பம்

கோவைக்காரன்_89 | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியில எனக்கு நிச்சயதார்த்தம். பொண்ணு ரோஸ் கோல்டு மோதிரம்தான் வேணும்னு சொல்லிட்டா. எங்கம்மா, "அது என்னடா செம்புக் கலர்ல? பாக்கறவங்க கவரிங்னு நினைப்பாங்க"ன்னு ஆரம்பிச்சு மூணு நாளா வீட்ல பட்டிமன்றம்.

நேத்து ரெண்டு கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில 18 காரட்லதான் வரும்னு சொன்னாங்க. ரெண்டாவது கடையில, "நாங்க 22 காரட்லயே ரோஸ் கோல்டு தர்றோம் சார், 916 முத்திரையோட"ன்னு ஒரு மோதிரத்தை எடுத்து வச்சாங்க. நல்ல ரோஸ், பளபளன்னு இருந்துச்சு. 916-ன்னு கேட்டதும் அம்மா முகத்துல ஒரு நிம்மதி.

எதை நம்பறது? ரோஸ் கோல்டுங்கறது உண்மையில தங்கம்தானா? நாளைக்கு ஒரு அவசரத்துக்கு அடகு வச்சா எடுத்துக்குவாங்களா?

---

அந்தக்கால_அண்ணாச்சி | திங்கள், இரவு 10:05

தம்பி, தங்கம்னா மஞ்சள். அவ்வளவுதான். ரோசு, வெள்ளை, பச்சைன்னு எல்லாம் கடைக்காரன் நம்ம தலையில கட்டுறது. செம்பைக் கலந்து தங்கம் விலைக்கு விக்கிறான், நாமளும் வாங்குறோம். பேசாம கே.டி.எம். நகையா பாத்து வாங்கு.

---

நிழல்_வாசகி | திங்கள், இரவு 10:31

ரொம்ப நாளா வாசிக்க மட்டும்தான் வருவேன். இந்தக் கேள்வியைப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல.

அந்த ரெண்டாவது கடை மோதிரம் வேண்டாம் தம்பி. போன வருஷம் நான் இதே வசனத்தை ஒரு கடையில (பேர் வேண்டாம், சென்னையில) கேட்டு ஏமாந்தேன். 22 காரட், 916, ரோஸ். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எட்டாவது மாசம் பாத்திரம் தேய்ச்சுட்டுக் கையைத் திருப்பிப் பாக்கறேன், உள்ளங்கைப் பக்கம் வளையத்துல ஒரு கீத்து மஞ்சளா தெரியுது. எண்ணெய்க் கறையோன்னு துடைச்சேன். போகல. இன்னும் ஒரு மாசத்துல அடிப்பாகம் முழுக்க மஞ்சள், மேல மட்டும் ரோஸ். பாதி பழுத்த மாம்பழம் மாதிரி.

கடைக்குப் போனா, "அது பாலிஷ்தான் மேடம், திரும்பப் போட்டுத் தர்றோம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. பில்லை எடுத்துப் பாத்தேன். அதுல ரோஸ் கோல்டுன்னு ஒரு வார்த்தை இல்ல. "22 கே மோதிரம்" அவ்வளவுதான். பொய் சொல்லிட்டாங்கன்னும் சொல்ல முடியல, தங்கம் 916 சுத்தமாத்தான் இருக்கு. கலர்தான் மேல் பூச்சு.

---

உலோகக்_கிறுக்கன் | செவ்வாய், காலை 6:50

நிழல்_வாசகி சொன்னதுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்கிறேன். உலோகவியல் படித்தவன், பாடம் நடத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

24 காரட் தங்கம் மஞ்சள்தான். அதோடு எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் நிறம் மாறுகிறது. செம்பு சேர்த்தால் சிவப்புப் பக்கம் போகும், வெள்ளி சேர்த்தால் வெளிறிப் பச்சைச் சாயல் பக்கம் போகும். 18 காரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு தங்கம், மீதி 25 பங்கு நம் கையில். அந்த இருபத்தைந்தையும் வெள்ளியாகவே போட்டால் இளம்பச்சைத் தங்கம். செம்பு பாதி, வெள்ளி பாதி போட்டால் நமக்குப் பழகிய மஞ்சள். செம்பு இருபதுக்கு மேல், வெள்ளி நாலைந்து என்று போட்டால் ரோஸ். முழுக்கச் செம்பு என்றால் செக்கச்செவேல். இந்த நாலிலும் தங்கம் அதே 75. அண்ணாச்சி, "செம்பைக் கலந்து விக்கிறான்" என்கிறீர்கள், மஞ்சள் 18 காரட்டிலும் 25 பங்கு தங்கமில்லாத உலோகம்தான் இருக்கிறது. உங்கள் 22 காரட் சங்கிலியிலும் எட்டு பங்குக்கு மேல் இருக்கிறது.

இப்போது 22 காரட்டுக்கு வாருங்கள். 91.6 போக மிச்சம் 8.4. அது மொத்தத்தையும் செம்பாகப் போட்டாலும் மஞ்சளில் லேசாகச் செம்மை ஓடும், அவ்வளவுதான். கடைக் கண்ணாடிக்குள் பார்க்கும் அந்த ரோஜா நிறம் வராது, வரவும் முடியாது. ஆக 916 முத்திரையோடு பளிச்சென்று ரோஸ் தெரிந்தால் அது முலாம்.

கே.டி.எம். பற்றி ஒரு வரி. அது தரத்தின் பெயரே இல்லை. காட்மியம் கலந்த பற்றால் (துண்டுகளை ஒட்ட உருக்கி வைக்கும் உலோகம்) ஒட்டிய நகை என்பதுதான் அர்த்தம். காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பட்டறைக்காரர்கள். அதை விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

---

கோவைக்காரன்_89 | செவ்வாய், காலை 8:15

சார், இப்பத்தான் புரியுது. வாசகி அக்கா, நன்றி, நான் கிட்டத்தட்ட அட்வான்ஸ் குடுத்திருப்பேன்.

அப்ப 18 காரட்டோட 750 முத்திரை இருந்தா அது நிச்சயம் நிஜ ரோஸ்தானா?

---

உலோகக்_கிறுக்கன் | செவ்வாய், காலை 8:40

இல்லை. முத்திரை தங்கத்தின் அளவை மட்டும் சொல்லும், நிறத்தைப் பற்றி வாயே திறக்காது. 18 காரட் மஞ்சள் மோதிரத்துக்கு மேலே ரோஸ் முலாம் பூசினாலும் அதே 750தான். கேட்டு வாங்க வேண்டியது "உள்ளும் புறமும் ரோஸ் கலவை" என்பதை. பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

---

பட்டறைப்_பையன் | செவ்வாய், பகல் 1:20

சாப்பாட்டு நேரம், அதான் எழுத முடியுது. மூணு தலைமுறையா பட்டறைதான். தாத்தா, அப்பா, நான்.

சார் கணக்கு சரி. நான் கை அனுபவத்தைச் சொல்றேன். ரோஸ் தங்கம் எங்களுக்குப் புதுப் பொண்ணு மாதிரி, பழக நாளாகும். மஞ்சள் தங்கத்தைச் சூடு பண்ணினா அப்படியே ஆற விட்டுட்டு டீ குடிக்கப் போயிடலாம். முதல்முறையா 18 காரட் சிவப்புக் கலவை கையில வந்தப்ப நானும் அப்படித்தான் செஞ்சேன். கம்பியா இழுத்து, வளைச்சு, ரெண்டு முனையையும் பத்து வச்சு ஒட்டி, உமியோட்டுலயே ஆற விட்டேன். அப்புறம் அளவுக் கழியில மாட்டி மர சுத்தியால லேசா ஒரு தட்டு. "டிக்"னு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தா பத்து வச்ச இடம் அப்படியே இருக்கு, எதிர்ப்பக்கம் முடி மாதிரி ஒரு விரிசல். அப்பா வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அந்தத் துண்டை மூசையில போட்டுட்டு "முதல்ல இருந்து பண்ணு"ன்னு போயிட்டார்.

அப்புறம்தான் கத்துக்கிட்டேன். இதைச் சூடு பண்ணினா செஞ்சூடு அடங்கின கையோட தண்ணியில போட்டுடணும். மெதுவா ஆறினா இறுகிப் போயி அப்பளமா உடையும்.

இதனால தம்பிக்கு என்னன்னா, விரல் அளவைச் சரியாக் குடுங்க. ரோஸ் மோதிரத்தைப் பின்னால பெருசு பண்றது சின்னது பண்றது லேசுப்பட்ட வேலை இல்ல. கல்லு பதிச்சதுன்னா இன்னும் சிரமம். கல்லோட சூடு காட்டித் தண்ணியில போட்டா கல்லு விரிசல் விட்டுடும், அதனால கல்லைக் கழட்டணும், இல்ல லேசர் மெஷின் இருக்கற இடத்துல குடுக்கணும். அப்படியும் பத்து வைக்கறவர் மஞ்சள் தங்கத்துக்கான பத்துப் பொடியைப் போட்டு ஊதிட்டார்னா, ஒட்டின இடத்துல ஒரு மஞ்சக் கோடு ஆயுசுக்கும் நிக்கும். ரோஸுக்கு ரோஸ் பொடிதான் போடணும்.

---

உலோகக்_கிறுக்கன் | செவ்வாய், மாலை 5:30

அப்பளம்! இதை வகுப்பில் சொல்லப் போகிறேன்.

அந்த "டிக்" சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. சூட்டில் தங்க அணுவும் செம்பு அணுவும் திருவிழாக் கூட்டம் மாதிரி கலைந்து நிற்கும். சுமார் 410 டிகிரிக்குக் கீழே மெதுவாக இறங்கினால் இரண்டும் அடுக்கடுக்காக, ஒரு வரிசை தங்கம், அடுத்த வரிசை செம்பு என்று ஒழுங்காக நின்றுகொள்ளும். ஒழுங்கு வந்தால் இறுக்கம் வரும், வளைந்து கொடுக்காது. தண்ணீரில் சட்டென்று போடும்போது வரிசைகட்ட நேரம் கொடுக்காமல் உறைய வைக்கிறீர்கள். வெள்ளி அதிகமுள்ள கலவையில் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் அப்பாவுக்கு இந்தக் காரணம் எல்லாம் தேவைப்பட்டிருக்காது.

---

பட்டறைப்_பையன் | செவ்வாய், இரவு 8:10

அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன் சார். "நல்லாத்தான் சொல்றார், அவரைக் கொண்டாந்து ஊதுகுழல் பிடிக்கச் சொல்லு"ங்கறார் 😄

இன்னொரு கூத்து. ரோஸ் மோதிரத்துக்குப் பத்து வச்சு, கறுப்பு போக புளித்தண்ணியில கொதிக்க விட்டு எடுத்தா, வெளிய வர்றது ரோஸா இருக்காது. மஞ்சளா வரும். மொதல் தடவை பாத்தப்ப யாரோ நகையை மாத்திட்டாங்கன்னு பயந்துட்டேன். மெருகு போட்டுத் தேய்ச்சாத்தான் உள்ள இருக்கற ரோஸ் எட்டிப் பாக்கும்.

---

உலோகக்_கிறுக்கன் | செவ்வாய், இரவு 8:45

சூட்டில் மேற்பரப்பில் இருக்கும் செம்பு கறுக்கிறது, புளியின் அமிலம் அந்தக் கறுப்பை மட்டும் கரைத்து எடுத்துப் போகிறது, மேலே தங்கம் மட்டும் மிஞ்சுகிறது. உங்களுக்குத் தலைவலி, தென் அமெரிக்காவின் பழைய கைவினைஞர்களுக்கு அதுதான் தொழில்நுட்பமே. ஸ்பானியர்கள் போய்ச் சேர்வதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, இன்றைய கொலம்பியா பக்கத்து மக்கள் தங்கமும் செம்பும் கலந்த உலோகத்தில் உருவங்கள் வார்த்தார்கள். 'தும்பாகா' என்று பெயர். வார்த்த பிறகு சூடு காட்டி, புளிப்பான தாவரச் சாறுகளில் ஊறப்போட்டு மேல் செம்பைக் கழற்றிவிடுவார்கள். உள்ளே சிவப்பு, வெளியே பசும்பொன்.

---

யாழ்_தோடு | புதன், அதிகாலை 3:05

வணக்கம். நான் கனடாவில இருந்து எழுதுறன், இஞ்ச பின்னேரம்.

எங்கட அம்மம்மாவிட்ட ஒரு பவுண் காசு இருந்தது. குதிரையில ஒரு ஆள் பாம்பைக் குத்துற படம். அம்மாவின்ர தாலிக்கொடிக்குப் பக்கத்தில வைச்சுப் பாத்தா அந்தக் காசு செம்மையாத் தெரியும். சின்னனில நான் அது கலப்படக் காசு எண்டு நினைச்சிருந்தனான். அம்மம்மா சிரிச்சுப் போட்டு, "இதுதானடி பவுண், மற்றதெல்லாம் இதைப் பாத்துச் செய்தது" எண்டு சொல்லுவா.

இந்த இழையை வாசிக்கத்தான் விளங்குது. அது 22 கரட்டில செம்பு மட்டும் சேர்த்த காசு, என்ன?

---

உலோகக்_கிறுக்கன் | புதன், காலை 7:10

அதேதான். உங்கள் அம்மம்மாவுக்கு ஒரு வணக்கம்.

நாம் பவுன் என்றும் சவரன் என்றும் சொல்வது அந்த ஆங்கிலேய 'சாவரின்' காசைத்தான். இப்போதைய வடிவில் அது வந்தது 1817-ல். எடை 7.988 கிராம், அதை முழுசாக்கித்தான் ஒரு பவுன் எட்டு கிராம் என்று இன்றும் கடையில் சொல்கிறார்கள். பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், ஒரு பங்கு செம்பு. 22 காரட்டில் செம்பை மட்டும் கலந்தால் எவ்வளவு சிவக்கும் என்பதற்கு அந்தக் காசுதான் அளவுகோல். சிட்னியில் 1855-ல் அடிக்கத் தொடங்கிய சவரன்களில் ஆரம்பத்தில் செம்புக்குப் பதில் வெள்ளி சேர்த்தார்கள், அதனால் அவை மஞ்சள் தூக்கலாக இருக்கும். எடையும் தரமும் ஒன்று, நிறம் மட்டும் வேறு.

1918-ல் பம்பாயிலும் சவரன் அடித்தார்கள். தேதிக்கு மேலே சின்னதாக ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் அது பம்பாய்க் காசு. வீட்டில் குதிரைக்காரன் காசு வைத்திருப்பவர்கள் ஒரு பூதக்கண்ணாடியோடு பாருங்கள்.

---

அந்தக்கால_அண்ணாச்சி | புதன், காலை 9:00

எங்க ஆத்தா கழுத்துல கிடந்த காசுமாலையும் செவப்புதான். அப்ப அது தரமான தங்கம்ங்கறதுக்காக செவப்புன்னு நினைச்சேன்.

சரி, ஒத்துக்கறேன். ஆனா அது 22. இது 18. அடகுக் கடையில போய் நில்லுங்க, அப்ப தெரியும்.

---

மீனாள்_ஆச்சி | புதன், காலை 11:25

அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி, அதுக்கு யாரும் பதில் சொல்லலையே. நான் வீட்டுக் கணக்குப் பாக்கறவ, சொல்றேன்.

18 காரட் விலை எவ்வளவு இருக்கணும்? 916-க்குப் போர்டுல போட்டிருக்கற கிராம் ரேட்டை 0.82-ஆல பெருக்குங்க. (750-ஐ 916-ஆல வகுத்தா அதான் வரும்.) அதுக்கு மேல ஒத்தை ரூபா கூடக் கேட்டாலும் ஏன்னு கேளுங்க. இப்பல்லாம் நிறைய கடையில 18-க்கும் தனியா ரேட் போடறாங்க, இருந்தாலும் மனக்கணக்கு கையில இருக்கணும்.

அடகு வைக்கும்போது? எட்டு கிராம் 18 காரட் நகையில இருக்கற தங்கம் ஆறு கிராம். அதை 22-ஆ மாத்திக் கணக்குப் போட்டா சுமார் ஆறரை கிராம் 22 காரட் நகைக்குச் சமம். பாங்க்ல அந்த ஆறரைக்குத்தான் குடுப்பாங்க. அதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல, நாம வாங்கும்போதும் அந்த ஆறரைக்குத்தானே குடுத்தோம்?

நிஜமா காசு போற இடம் வேற. என் மகளுக்கு ரோஸ் கோல்டு தோடு எடுத்தப்ப பில்லைப் பாத்து எனக்கு மயக்கமே வந்துச்சு. சாதா சங்கிலிக்கு சேதாரம் பேரம் பேசி எட்டு சதவீதம் வரைக்கும் இறக்கியிருக்கேன். இதுக்கு பதினெட்டு. கேட்டா "டிசைனர் கலெக்‌ஷன்". ரோஸ் நகையெல்லாம் 'வைர நகை' மாடியில வச்சு விக்கறதால அந்த மாடி வாடகையையும் நம்ம தலையில எழுதிடறாங்க. கூடவே 3 சதவீதம் ஜி.எஸ்.டி. திருப்பிக் குடுக்கும்போது சேதாரம், கூலி எதுவும் வராது. ஆக, முதலீடுன்னு நினைச்சா வாங்காதீங்க. போட்டு அழகு பாக்கத்தான்னா தாராளமா வாங்குங்க.

அப்புறம் தம்பி, பொண்ணு ஆசைப்பட்டு ஒரே ஒரு மோதிரம் கேட்டிருக்கு. அம்மாகிட்ட சொல்லு, தாலிச் சங்கிலி 22-ல மஞ்சளாவே எடுக்கலாம்னு. ரெண்டு பக்கமும் சமாதானம்.

---

கோவைக்காரன்_89 | புதன், பகல் 12:02

ஆச்சி, அதைத்தான் இன்னைக்கு சாயங்காலம் அம்மாகிட்ட சொல்லப் போறேன். உங்க பேரைச் சொல்லியே சொல்றேன் 🙏

---

மருந்தும்_பனியும் | புதன், இரவு 7:45

ரஷ்யாவுல மருத்துவம் படிக்கிறேன், நாலாம் வருஷம். இங்க வந்த புதுசுல நகைக்கடைக் கண்ணாடியைப் பாத்து நானும் கவரிங்னுதான் நினைச்சேன். பாதிக்கு மேல சிவப்பு. இங்க ஜனங்களுக்குத் தங்கம்னாலே சிவப்புத் தங்கம்தான், மஞ்சள்தான் வித்தியாசமா தெரியுது.

எங்க ஹாஸ்டலைப் பாத்துக்கற பாட்டி வலது கை மோதிர விரல்ல பட்டையா ஒரு கல்யாண மோதிரம் போட்டிருக்காங்க (இங்க வலது கையிலதான் போடுவாங்க). ஒருநாள் கழட்டிக் காட்டச் சொல்லிப் பாத்தேன். உள்பக்கம் ஒரு குட்டி நட்சத்திரம், பக்கத்துல 583. நாற்பது வருஷத்துக்கு மேல கழட்டாம போட்டிருக்காங்க, உள்ள அந்த எண்ணு இன்னும் தெளிவா இருக்கு. 18 கூட இல்ல, 14 காரட்!

583 என்ன கணக்குன்னு தேடினேன். ஜார் காலத்துல தங்கத்தை 24 பங்கா பிரிக்காம 96 பங்கா பிரிச்சிருக்காங்க. 96-ல 56 பங்கு தங்கம், அதை வகுத்தா 0.583. சோவியத் வந்ததும் எண்ணை மாத்தினாங்க, கலவையை மாத்தல. இப்ப 585.

---

உலோகக்_கிறுக்கன் | புதன், இரவு 8:20

அருமை. பழைய காலத்தில் இந்த நிறத்துக்கு 'ரஷ்யத் தங்கம்' என்றே பெயர் இருந்தது. ஜார்களுக்கு நகை செய்த ஃபேபர்ஜேயின் பட்டறையில் சிவப்பு, பச்சை, மஞ்சள் தங்கங்களை ஒரே பெட்டியில் பூவும் இலையுமாக இழைத்தார்கள். பிறகு 1924-ல் பாரிஸில் கார்ட்டியே நகை நிறுவனம் ரோஸ், மஞ்சள், வெள்ளை மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த மோதிரம் கொண்டுவந்தது. நம் ஊரில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது 2015-ல் அந்த நிறத்தில் ஐபோன் வந்தபோதுதான். அதன் உறை அலுமினியம், அந்த நிறத்துக்கும் தங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்பது வேறு கதை.

---

தமிழ்ப்_புலவன் | புதன், இரவு 9:15

நண்பர்களே, 'ரோஸ் கோல்டு' என்று ஏன் சொல்ல வேண்டும்? நம்மிடம் 'செம்பொன்' என்ற சொல் ஆதியிலிருந்தே இருக்கிறதே! சிலப்பதிகாரத்தில் மதுரைக் கடைவீதியில் நால்வகைப் பொன் விற்றார்கள்: சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம். ஆகவே செம்புப் பொன்னும் நமக்குப் புதிதல்ல.

---

உலோகக்_கிறுக்கன் | புதன், இரவு 9:50

புலவரே, சொல்லை எடுத்துக்கொள்ளலாம், வரலாற்றை அதன் தலையில் ஏற்ற வேண்டாம். செம்பொன் என்று பழைய பாட்டுகளில் வருவது நல்ல பொன், ஒளிவிடும் பொன் என்ற பொருளில். செம்பு கலந்த பொன் என்று அதற்கு யாரும் உரை எழுதி நான் பார்த்ததில்லை. சொல்லப்போனால் செம்பு கலந்தால் மாற்று, அதாவது பொன்னின் தரம், குறையும் என்பதுதான் நம் ஆட்களின் கவலை, பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெருமை பேசியது கலக்காத பொன்னை. கிளிச்சிறை மட்டும் எனக்கும் ஆர்வம் தரும் பெயர், கிளியின் இறகு நிறம் என்கிறார்கள்.

கடையில் போய் "செம்பொன் மோதிரம் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள், என்ன எடுத்துக் காட்டுகிறார்கள் என்று வந்து எழுதுங்கள்.

---

நிழல்_வாசகி | வியாழன், காலை 10:10

என் மோதிரம் பல்லை இளிச்சதுல இருந்து எனக்கு ஒரு பயம். நிஜமான 18 காரட் ரோஸ் வாங்கினா அது கறுக்குமா? வீட்ல எப்படிச் சுத்தம் பண்றது? பூந்திக்கொட்டைத் தண்ணி போதுமா?

---

பட்டறைப்_பையன் | வியாழன், பகல் 1:30

நிஜ ரோஸ் எவ்வளவு தேய்ஞ்சாலும் உள்ளயும் ரோஸ்தான் அக்கா, மஞ்சள் எட்டிப் பாக்காது. ஆனா செம்பு செம்புதானே. வருஷக்கணக்குல வியர்வை பட்டு கொஞ்சம் அடர்த்தியா, பழைய நிறமா போகும். ஒரு மெருகு போட்டா திரும்பிடும். சிலருக்கு அந்தப் பழைய நிறம்தான் பிடிக்குது, மெருகு போடாதீங்கன்னே சொல்லிக் குடுக்கறாங்க.

பூந்திக்கொட்டைத் தண்ணி, மெல்லிசு பிரஷ், பருத்தித் துணி, போதும். புளி போட்டுத் தேய்க்காதீங்க. நாங்க கொதிக்க வைக்கறது எதுக்குன்னு மேலேயே சொல்லிட்டேன். பாத்ரூம் கழுவற ப்ளீச், நீச்சல் குளம், இது ரெண்டும் ஆகவே ஆகாது, குளோரின் காரட் குறைஞ்ச தங்கத்துல விரிசல் விட வச்சிடும். சுவிஸ் கடிகாரக் கம்பெனி ஒண்ணு 2005-ல இருந்து ரோஸ் கலவையில கொஞ்சம் பிளாட்டினம் சேர்க்குது, நிறம் வெளிறாம இருக்கத்தான். நம்ம ஊர் பட்டறையில அதுக்கெல்லாம் எங்க போறது.

ஜோடி மோதிரம் செய்யறதா இருந்தா இதையும் கேட்டுக்குங்க தம்பி. ரோஸ்ல இதுதான் சரியான நிறம்னு ஒண்ணு கிடையாது, கடைக்குக் கடை மாறும். உங்களுக்கு ஒண்ணு இங்க, பொண்ணுக்கு ஒண்ணு அங்கன்னு வாங்கினா பக்கத்துல வச்சா ஒண்ணு வெளிறித் தெரியும். ஒரே உருக்குல ரெண்டையும் செய்யச் சொல்லுங்க.

---

உலோகக்_கிறுக்கன் | வியாழன், மாலை 6:00

கடிகாரத் தொழிலில் இதற்கு எண் வைத்திருக்கிறார்கள். எல்லாம் 18 காரட். 3என் மஞ்சள், 4என் ரோஸ், 5என் சிவப்பு; முதலில் நான் ரோஸ் என்று சொன்ன கலவை இவர்கள் கணக்கில் 5என். 5என் என்றால் செம்பு 20.5, வெள்ளி 4.5 பங்கு. நம் ஊரில் பெரிய கடைகளுக்குச் செய்துகொடுக்கும் தொழிற்கூடங்களுக்கு இந்த எண்கள் தெரியும். கவுன்டரில் நிற்பவரிடம் கேட்டால் முழிப்பார், மேலாளரிடம் கேளுங்கள்.

---

கோவைக்காரன்_89 | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:20

மோதிரம் வந்தாச்சு!! ரெண்டும் ஒரே உருக்குல, முதல் கடையிலயே. பொண்ணு மோதிரம் 4.52 கிராம், கல்லு இல்லாத சாதா பட்டை (அளவு மாத்தற தொல்லை வேண்டாம்னு அவளே சொல்லிட்டா). சேதாரம் 16-ல ஆரம்பிச்சு 12-க்கு வந்தாங்க, ஆச்சி புண்ணியம்.

வாங்கறதுக்கு முன்னாடி அவங்க காரட் மீட்டர்லயே வச்சுக் காட்டச் சொன்னேன். தங்கம் 75.1, செம்பு 20.6, வெள்ளி 4.3. உலோகக்கிறுக்கன் சார் சொன்ன 5என் அப்படியே. நகை மேல பொறிச்சிருக்கற எச்.யூ.ஐ.டி. அடையாளக் குறியோட ஆறு எழுத்தையும் ஹால்மார்க் சரிபார்க்கற பி.ஐ.எஸ். கேர் ஆப்ல அடிச்சுப் பாத்தேன், மோதிரம், 18 காரட்னு வந்துச்சு.

மீட்டர் மேல்பரப்பை மட்டும்தான் பாக்கும்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அதனால வீட்டுக்கு வந்து ஒரு கூத்து பண்ணினேன். என்கிட்ட புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் காட்டற குட்டித் தராசு இருக்கு. அதுமேல டம்ளர்ல தண்ணி வச்சு, பூஜ்யமாக்கி, மோதிரத்தை நூல்ல கட்டி அடியில முட்டாம தண்ணிக்குள்ள தொங்க விட்டேன். 0.30 காட்டுச்சு. 4.52-ஐ 0.30-ஆல வகுத்தா 15. சார், இது சரியா?

---

உலோகக்_கிறுக்கன் | ஞாயிறு, இரவு 10:35

மிகச் சரி. அந்தக் கலவையின் அடர்த்தி 15-ஐ ஒட்டித்தான் இருக்கும். 22 காரட் என்றால் 17.5-க்கு மேல் வந்திருக்கும், செம்புக்கு மேல் முலாம் என்றால் 9 பக்கம் நின்றிருக்கும். இத்தனை சின்ன எடையில் 0.01 மாறினாலும் விடை அரை புள்ளி நகரும் என்பதால் இன்னும் இரண்டு தடவை செய்து பாருங்கள். நூலில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது.

---

யாழ்_தோடு | திங்கள், அதிகாலை 2:40

வாழ்த்துக்கள் தம்பி. அம்மா என்ன சொன்னவா?

---

கோவைக்காரன்_89 | திங்கள், காலை 7:30

நன்றிக்கா. டம்ளரைச் சுத்தி உக்காந்து நாங்க பண்ணின கூத்தைப் பாத்துட்டு, அவங்க பீரோவைத் திறந்து பாட்டியோட பழைய காசு ஒண்ணை எடுத்துட்டு வந்து மோதிரத்துக்குப் பக்கத்துல வச்சாங்க. காசு கொஞ்சம் மஞ்சள், மோதிரம் நல்ல சிவப்பு, ஆனா ரெண்டும் சொந்தக்காரங்கன்னு பாத்தாலே தெரிஞ்சுது. "இதையும் தண்ணியில போட்டுப் பாரு"ன்னாங்க. 17.7. பூதக்கண்ணாடியில பாத்தோம், 'ஐ' எழுத்து இல்ல 😔

---

மீனாள்_ஆச்சி | திங்கள், காலை 8:05

சந்தோஷம் தம்பி. திருப்பிக் குடுத்தா 18 காரட் ரேட்ல எடுத்துக்குவோம்னு பில்லுல எழுதி வாங்கினியா? "உள்ளும் புறமும் ரோஸ் கலவை"ன்னு எழுதினாங்களா?

---

கோவைக்காரன்_89 | திங்கள், காலை 8:09

ரெண்டாவது எழுதியிருக்கு. முதலாவது... கடை பத்தரை மணிக்குத்தான் திறப்பாங்க, போயிட்டு வந்து சொல்றேன் ஆச்சி.